பிளக்கைப் பிடுங்கியாச்சு... அப்புறம் எப்படி பாஸ் ஷாக்?

இந்த வாரம் நான் பல்பு வாங்கின கதை. அதுவும் 320 வோல்ட் பல்பு!

போன செமஸ்டர். லேப்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் செத்துக் கிடந்துச்சு. 'நான் பார்த்துக்கறேன்'னு ஹீரோ மாதிரி போய், பிளக்கைப் பிடுங்கிட்டு, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றினேன். உள்ளே விரல் பட்டதுதான் தெரியும்... ஸ்க்ரூடிரைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்! முழங்கை வரைக்கும் மரத்துப் போச்சு. பிளக்தான் வெளியே தொங்குதே, கரன்ட் எங்கிருந்து வந்துச்சு?

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஓடி வந்தார். "தம்பி, வர்ற கரன்ட்டைத்தான் நிறுத்தினே. தேக்கி வெச்சதை என்ன பண்ணினே?"

தேக்கி!

ப்ளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். அங்கே அதுக்குப் பேர் மின்தேக்கி. பேர்லயே விஷயம் இருக்கு. காலேஜ் வந்ததும் 'கெப்பாசிட்டர்' ஆச்சு. ஃபார்முலா மனப்பாடம் ஆச்சு. அர்த்தம் மட்டும் எங்கேயோ தொலைஞ்சு போச்சு.

உங்க ஹாஸ்டல் மொட்டை மாடி டேங்க்கை நினைச்சுக்கோங்க. மோட்டாரை நிறுத்தின பிறகும் குழாயில் தண்ணி வருதுல்ல? டேங்க்தான் கெப்பாசிட்டர். குழாய்தான் ரெசிஸ்டர். டேங்க் பெருசா இருந்தா காலியாக நேரமாகும். குழாயைக் கொஞ்சமாத் திறந்தாலும் நேரமாகும். அதனாலதான் ரெசிஸ்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கினா, விடை செகண்டில் வருது. அதுக்குப் பேர் டைம் கான்ஸ்டன்ட். நாம விழுந்து விழுந்து படிச்ச ரெண்டு மார்க் கேள்வி!

சுவரில் வர்ற 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கி, அதோட உச்சத்தை ஒட்டி, சுமார் 320 வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ். தேக்கி வைக்குது. பிளக்கைப் பிடுங்கின பிறகு அது மெதுவா வடியட்டும்னு பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். கெப்பாசிட்டர் 220 மைக்ரோஃபாரட், ரெசிஸ்டர் 100 கிலோ ஓம்னு வெச்சுக்கோங்க. பெருக்கினா 22 செகண்ட். அவ்வளவு நேரம் கழிச்சும் 37 சதவிகிதம், அதாவது 118 வோல்ட், உள்ளே உட்கார்ந்திருக்கும்! அஞ்சு மடங்கு, 110 செகண்ட் பொறுத்தால்தான் 2 வோல்ட்டுக்கு இறங்கும்.

'ஸ்க்ரூ கழற்றவே அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமே?'ன்னு கேட்கறீங்களா? கரெக்ட். அண்ணன் மல்ட்டிமீட்டர் வெச்சுப் பார்த்தார். அந்த வடிகால் ரெசிஸ்டர் புட்டுக்கிட்டிருந்துச்சு. குழாய் அடைச்ச டேங்க்! டீ குடிச்சிட்டு வந்து தொட்டிருந்தாலும் அடிச்சிருக்கும். கரன்ட்டைத் தடுக்கறது மட்டும்தான் ரெசிஸ்டரோட வேலைன்னு நினைச்சிருந்தேன். ஆளைக் காப்பாத்தறதும் அதோட வேலைதான்.

எனக்கு ஒரே ஆறுதல், இந்த அடியை எனக்கு முன்னாடியே பெரியவங்க வாங்கியிருக்காங்க. கெப்பாசிட்டரோட தாத்தா, தண்ணி நிரப்பின ஒரு கண்ணாடி ஜாடி. நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பேராசிரியர் மஸ்கென்புரூக், அதில் வாங்கின ஷாக்கைப் பத்தி 1746-ல் கடிதமே எழுதினார். பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இன்னொரு தடவை தொட மாட்டாராம்!

ஸோ மக்களே... பிளக்கைப் பிடுங்கணும். அஞ்சு நிமிஷம் பொறுக்கணும். அப்புறமும் நம்பாம மீட்டரை வெச்சுப் பார்க்கணும். வோல்ட் மிச்சமிருந்தா, ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணித் தீபாவளி கொண்டாடாம, தெரிஞ்சவரைக் கூப்பிடணும். மைக்ரோவேவ் அவன் பக்கம் போகவே வேண்டாம். அதில் 2,000 வோல்ட் இருக்கும், உயிரையே எடுக்கும்.

அடுத்த எக்ஸாம்ல டைம் கான்ஸ்டன்ட் வந்தா எனக்குக் கவலையே இல்லை. பதில் விரல் நுனியில் இருக்கு. நிஜமாவே!