பிக்அப் வாங்க முன் தந்தியை மாத்திப் பாருங்க

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் எமது தம்பிமார் பலர், சத்தம் மனசுக்குப் பிடிக்காவிட்டால் உடனே புது பிக்அப் தேடுகிறார்கள். தேடுவது பிழையல்ல. ஆனால் சேர்த்து வைத்த காசு போக முன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிக்அப் என்பது காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும்தான். வகுப்பில் நாம் படிப்பிக்கும் அதே மின்காந்தத் தூண்டல். ஒற்றைச் சுருள், தந்தியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் பிடித்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை உருவாக்கி, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உங்கள் குறை இரைச்சல் என்றால் விடை அங்கே இருக்கிறது. ஆனால் கிட்டாரில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

"கிலோ ஓம் கூடினால் தரம் கூடும்" என்ற கதையை நம்ப வேண்டாம். அது கம்பியின் தடை மட்டுமே. சுற்றுக்கள் கூடினால் சத்தம் உயரும், தெளிவு மங்கும்.

ஆகவே முதலில் பழைய தந்தியை மாற்றுவோம். பிறகு ஸ்குரூ ட்ரைவரால் பிக்அப்பின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்போம். அதற்குச் செலவே இல்லை. அப்போதும் குறை இருந்தால், என்ன குறை என்று ஒரு வரியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவோம். தன் தேவையைச் சொல்லத் தெரியாதவருக்கு விலை கூடிய சாமான்தான் நல்ல சாமானாகத் தெரியும்.