யாரிடம் மறைத்தனர்?

போர் மூண்டதும் பத்திரிகைக்கு வாய்ப்பூட்டு மாட்டப் புறப்படும் ஆளவந்தார், எந்த நாட்டவராயினும், ஒரே பல்லவியைத்தான் பாடுவர்: "பகைவன் காதில் விழுந்துவிடும்!" கேட்டதும் தலையாட்டிவிடாதீர், தோழர்களே! பகைவன் அறியாத செய்தியா, அவன் முன்பே அறிந்த செய்தியா என்று கேளுங்கள்.

1969 மார்ச் 18. வியட்நாம் போருக்கு முடிவு காண்பதாகக் கூறி வாக்குப் பெற்ற நிக்சன், நடுநிலை நாடாம் கம்போடியாவின்மீது பி-52 விமானங்களை ஏவினார். பதினான்கு மாதங்கள், இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகள்! அத்தாக்குதல்களுக்கு அவர்கள் சூட்டிய பெயர்கள் யாவை? காலை உணவு, பகல் உணவு, சிற்றுண்டி, இரவு விருந்து! நெருப்பைக் கொட்டிவிட்டு, பந்தி பரிமாறியதாகப் பெயர்!

இந்தப் பந்தியை அறியாதார் யார்? குண்டு விழுந்த குடிசை அறியும். அங்கே பதுங்கியிருந்த வட வியட்நாம் படை அறியும். அறியாதவர், வரி கொடுத்த அமெரிக்க மக்களே! அவர்தம் நாடாளுமன்றத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே காதோடு காதாகச் சொல்லப்பட்டது.

1969 மே 9 அன்று, 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டில் வில்லியம் பீச்சர் இதை எழுதினார். செய்தி தவறென்று மெய்ப்பிக்க முடியாத ஆட்சி, செய்தி கசிந்த வழியைத் தேடிப் புறப்பட்டது. அன்று தொடங்கி 1971 வரை, அதிகாரிகள் 13 பேர், பத்திரிகையாளர் 4 பேர் ஆகியோரின் தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டன.

அதனினும் கொடுமை, படையின் பதிவேட்டிலேயே பொய்! கம்போடியாவில் விழுந்த குண்டு, தென் வியட்நாமில் விழுந்ததாக எழுதப்பட்டது. பொய்க்கணக்கு எழுதப் பணிக்கப்பட்ட மேஜர் ஹால் நைட், 1973-இல் செனட் குழுவின் முன் உண்மையை உரைத்தார். பகைவன் புரட்டாத பதிவேட்டில் பொய் எதற்கு? சொந்த மக்களை ஏய்ப்பதற்கன்றி வேறெதற்கு?

கம்போடிய அரசுத் தலைவர் சிகானூக்குக்குச் சங்கடம் நேராதிருக்கவே மறைத்தோம் என்றனர். 1970 மார்ச்சில் அவரே பதவி இழந்தாரே! அதற்குப் பின்னும் மூன்றாண்டுகள் மறைத்தது எவர் சங்கடம் தீர?

படை நகரும் நாளையும் கப்பல் புறப்படும் நேரத்தையும் அச்சிடுக என்று நாம் கேட்கவில்லை. அந்த மறைவு, களத்தில் நிற்கும் வீரனின் உயிர்க்கவசம். ஆனால் எந்த நாட்டின்மீது போர், எவர் ஒப்புதலால் போர், எதன்பொருட்டுப் போர் என்பவை மக்கள் கேட்டே தீரவேண்டிய வினாக்கள். அவற்றை மறைப்பது வீரனுக்குக் கவசமன்று, ஆள்வோருக்கு முக்காடு!

ஆகவே தோழர்களே, நாளை நாம் விரும்பி அமர்த்திய ஆட்சியே இப்பல்லவியைப் பாடினாலும், கைதட்டுமுன் கேளுங்கள்: "மறைப்பது பகைவனிடமா, எங்களிடமா?" மாற்றான் ஆட்சியிடம் மட்டும் கேட்பது கட்சிப் பற்று, நம் ஆட்சியிடமும் கேட்பதே மக்களாட்சிப் பற்று!