மருந்துத் துளி எங்கே விழும்?

கம்ப்யூட்டர் முன்னதாகவே சொல்லிவிடும்; கிராமத்துக்குத்தான் அது வந்து சேரவில்லை!

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது செவிலிமேடு. வரதராஜப் பெருமாளுக்கு ராமானுஜர் நாள்தோறும் தீர்த்தம் எடுத்துச் சென்றதாகச் சொல்லப்படும் சாலைக் கிணறு இந்தப் பகுதியில்தான் உள்ளது. ஒரு பக்கம் வயல். இன்னொரு பக்கம் பட்டுத் தறி ஓடும் வீடுகள்.

இப்படிப்பட்ட ஊரில் வயலுக்கு மருந்தடிக்க டிரோன் வந்தால், பயிருக்குப் போகவேண்டிய மருந்து பக்கத்துத் தெருவுக்குப் போகாதா?

டிரோனே வேண்டாம் என்று சொல்வது சரியல்ல. முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்துகொண்டு, தான் அடித்த மருந்துக்குள் தானே நடந்து போகிறாரே கூலியாள், அவருக்கு இது பெரிய விடுதலை. 15 ஆயிரம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பெண்கள் கைக்கு இந்தத் தொழில் வருவது நல்லதுதான். ஆனால், துளி எங்கே விழும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டாமா?

10 விநாடியும் 4 நிமிடமும்

ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன் உள்ள துளியை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர அதற்குச் சுமார் 10 விநாடி பிடிக்கும். மணிக்கு 5 கிலோ மீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசினாலே அதற்குள் 13 மீட்டர் நகர்ந்துவிடும். அதில் ஐந்தில் ஒரு பங்கே பருமன் உள்ள நுண்துளியோ, கீழே வரச் சுமார் 4 நிமிடம் ஆகும். அது 300 மீட்டருக்கு அப்பாலும் போய் விழும்!

அப்படியானால் துளியைப் பெரிதாக்கிவிட்டால் என்ன? ஆக்கலாம். ஆனால் பெரிய துளி இலையில் தங்காது. உருண்டு மண்ணில் விழும். காசும் போச்சு, பூச்சியும் சாகாது. நடுத்தரமான துளிதான் வேண்டும். அது நாசிலையும், பறக்கும் உயரத்தையும், காற்றையும் பொறுத்தது.

இதைத்தான் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. நாசிலிலிருந்து வரும் நீர்த்தாரை ஏன் துளித் துளியாக உடைகிறது என்பதை 1878-லேயே ராலே என்ற ஆங்கில விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினார். கோடிக்கணக்கான துளிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. ஆகவே ஒரே மாதிரியான துளிகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து, கூட்டத்துக்கு ஒரு துளியை மட்டும் பின்தொடர்கிறார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல! காற்று அதை எங்கே தள்ளுகிறது, வெயிலில் எவ்வளவு சுருங்குகிறது, எங்கே விழுகிறது என்று படம் போட்டுக் காட்டிவிடுகிறது கம்ப்யூட்டர். டீசல் எஞ்சினுக்குள் எண்ணெய் சிதறுவதைப் பார்க்கவும் இதே வழிதான். அமெரிக்க வனத்துறை, விமானத்தில் மருந்து தெளிப்பதற்கு இத்தகைய கணக்கைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது.

காசர்கோடு கண்ட கொடுமை

கணக்குப் பார்க்காமல் தெளித்தால் என்ன ஆகும்? கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள்மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. 2000-ல்தான் நின்றது. தோட்டத்தை ஒட்டி வீடுகள், ஓடைகள், கிணறுகள்! 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த மருந்துக்கே தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017-ல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. கை கால் முடங்கிய பிள்ளையைப் பெற்றவளுக்கு 5 லட்சம் என்ன ஆறுதல் தரும்?

டிரோன் ஹெலிகாப்டர் அல்ல, தாழப் பறப்பது. உண்மைதான். ஆனால் அதன் விசிறிகள் கிளப்பும் காற்று துளியைச் சுழற்றி அடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. காற்றே இல்லாத விடியற்காலைதான் மருந்தடிக்க ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து. அந்நேரத்தில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும். நுண்துளிகள் மேலேயும் கலையாமல், கீழேயும் விழாமல், மூடுபனிபோல் மிதந்து பக்கத்தில் நகரும். நெசவாளர் குடும்பங்கள் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதும் அதே விடியற்காலையில்தான். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தெருவில் நிற்கும் நேரம் அது.

டிரோன் தெளிப்புக்கு 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் நெறிமுறைகளை வெளியிட்டது. அது போதாது. எந்த நாசில், எவ்வளவு காற்று, தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதை நம் வயலுக்கும் நம் வெயிலுக்கும் ஏற்பக் கணக்கிட்டு, ஒரே அட்டையில் தமிழில் அச்சடித்துக் கொடுக்கவேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்தால் முடியாத காரியமா?

கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. நீர்த்துளி பட்டால் நீலமாக மாறும் மஞ்சள் காகிதம் இருக்கிறது. முதல் நாள் டிரோனில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பறக்கவிடட்டும். தெருவோரத் திண்ணைகளில் அந்தக் காகிதத்தை ஒட்டி வைக்கட்டும். அது நீலமானால், மறுநாள் அங்கே மருந்து அடிக்கக் கூடாது.