நாற்பதோடு நின்ற கணக்கு

பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்தன. பேரிளம்பெண்ணுக்கு அவை இட்ட எல்லை 40 வயது. உலா இலக்கியத்தில் அதற்கு மேற்பட்டவளுக்குப் பெயருமில்லை, காதலுமில்லை. தொல்காப்பியமோ இளமை கடந்த காதலைப் பெருந்திணையில் ஒதுக்கியது. நம் மாத நாவல்கள் இன்னும் கஞ்சத்தனம் மிக்கவை. அவற்றின் நாயகியர் பெரும்பாலும் இருபதுகளிலேயே நின்றுவிடுகின்றனர். ஐம்பது வயதுப் பெண் தாயாகவோ மாமியாராகவோதான் வருகிறாள்.

கதைதானே என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. கதை கற்பித்ததையே தெரு பேசுகிறது. உப்பளத்தில் மனைவியை இழந்தவர் ஐம்பதில் மறுமணம் செய்தால், "துணை வேண்டுமல்லவா?" என்கிறோம். அதே வயதில் கைம்பெண் ஒருவர் அதனை விரும்பினால், பெற்ற பிள்ளைகளே முகம் சுளிக்கின்றனர்.

விவிலியம் இவ்வாறு நினைக்கவில்லை. எகிப்தியர் சாராவின் அழகைப் புகழ்ந்தபோது, தொடக்கநூலின் கணக்குப்படி அவருக்கு வயது ஏறத்தாழ 65. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் திருமணத்திற்குக் கீழ் வயதை வரையறுத்ததேயன்றி மேல் வயதை வரையறுக்கவில்லை. பிள்ளைப்பேறின்மை திருமணத்திற்குத் தடையன்று என்பதையும் அதன் 1084ஆம் விதி தெளிவாக்குகிறது.

பலிபீடத்தின் முன் தடையில்லாத அன்புக்கு நம் திண்ணைகள் தடை விதிப்பது எந்த நியாயம்? எழுத்தாளர்கள் நரைத்த கூந்தலுக்கும் நாயகியின் இடத்தைத் தரட்டும். பிள்ளைகளோ, தாயின் முகத்தில் இன்னும் ஒளிரும் ஆசையைக் குற்றமாகக் காணாதிருக்கட்டும்.