கூந்தற்கொடை இழுக்காகுமா?

என்னிடம் பயின்று இன்று கல்லூரியில் கற்கும் தமிழ்மகள் ஒருத்தி, அண்மையில் தன் நெடுங்கூந்தலைக் கழுத்தளவாகக் கத்தரித்துப் புற்றுநோயாளர்க்குப் பொய்ம்முடி செய்யக் கொடுத்தாள். “தாலி ஏறுமுன்பே அறுத்தவள் கோலமா?” என்று அவள் பாட்டி அழுதார். பழமையில் ஊறிய பாட்டியின் அழுகையைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால், நம் இயக்க நண்பர் ஒருவரே அவள் தந்தையிடம் சென்று, “கூந்தலைக் குறைப்பது மேலையர் போலிமை, தமிழ்ப் பெண்ணுக்கு இழுக்கு” என்று கூறினார். அதைத்தான் பொறுக்க இயலவில்லை.

முதலில் நோயின் நிலையை அறிவோம். புற்றுநோய்க்குத் தரப்படும் வேதிமருந்துகளுட் பல, விரைந்து பெருகும் கண்ணறைகளை (உயிரணுக்களை) அழிப்பவை. மயிர்க்காலின் கண்ணறைகளும் விரைந்து பெருகுபவையே. பகை இது, நட்பு இது என்று பிரித்தறியாத அம் மருந்துகள் அவற்றையும் தாக்குகின்றன. மருந்து தொடங்கிய இரண்டு மூன்று கிழமைகளில் பலர்க்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. மருத்துவம் முடிந்தபின் சில திங்களில் பெரும்பாலார்க்கு அது மீண்டும் முளைக்கும். ஆயினும், இடைப்பட்ட காலத்தில் கண்ணாடி முன் நிற்க அஞ்சுவோரும், வந்து காண்பார்க்கு முகங்காட்ட நாணுவோரும் உளர். பள்ளிச் சிறுமியர் வகுப்பிற்கு வரவே கூசுகின்றனர். பொய்ம்முடி நோயைத் தீர்க்காது; ஆனால் கதவைத் திறந்து வெளியே வரும் துணிவைத் தரும்.

நண்பர் தம் கூற்றுக்குத் திருக்குறள் ‘மானம்’ என்னும் பகுதியில் வரும் கவரிமாவைச் சான்று காட்டினாராம். வள்ளுவர் மானத்தை விளக்கக் கவரிமாவை உவமை கூறினாரேயன்றி, மயிர் வளர்ப்பதை அறமாக விதித்தாரல்லர். உவமையையே பொருளாகக் கொள்வது இலக்கணங் கற்றார் செயலன்று. மழித்தலாலும் வளர்த்தலாலும் அறம் அமையாது என்று வேறோரிடத்தில் அவரே தெளிவுபடுத்தியுள்ளார். அன்புடைமைப் பகுதியிலோ, அன்புடையார்க்குத் தம் எலும்பும் பிறர்க்குரியது என்கிறார். எலும்பே பிறர்க்குரியதாயின் மயிர் எம்மட்டு?

இனிப் பாட்டியின் அச்சத்திற்கு வருவோம். கைம்பெண்ணின் கூந்தலைக் களையும் கொடுமையே அவ் வச்சத்தின் வேர். ‘இது வடவர் புகுத்தியது’ என்று சொல்லி நாம் எளிதில் தப்பிவிட இயலாது. கணவனை இழந்தவள் கூந்தல் கொய்யப்பட்ட செய்தி புறநானூற்றிலேயே உள்ளது (புறம். 250). முன்னோர் செய்தவை யாவும் போற்றத்தக்கன அல்ல. மொழியில் கலந்த மாசைக் களைய முனைந்த நாம், வாழ்வில் படிந்த மாசைமட்டும் ஏன் காக்க வேண்டும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். திருப்பதியிலும் பழனியிலும் நேர்த்திக்கடன் என்று பெண்டிரும் தலையை மழித்துக் கொள்கின்றனர். அம் முடி ஏலத்தில் விற்கப்படுகிறது. அவ்வாறு விற்கப்படும் முடி கடல் கடந்து சென்று செல்வர்க்குப் பொய்ம்முடியாகிறது. அதனை எவரும் இழுக்கென்று கூறுவதில்லை. வணிகப் பொருளாகும் கூந்தல் வழிபாடாம். நோயுற்ற உடன்பிறப்பிற்கு நேரே கொடுக்கும் கூந்தல் மட்டும் பண்பாட்டுக் கேடாம்! இது என்ன முறை?

இதனைச் சிலர் ‘கேச தானம்’ என்று எழுதுகின்றனர். கூந்தற்கொடை என்னும் அழகிய தமிழ் இருக்க, அயற்சொல் எதற்கு? கொடுக்க விரும்புவோர், முடியைப் பெறும் மருத்துவமனையையோ தொண்டமைப்பையோ முன்னரே கேட்டுத் தெளிக. ஏறத்தாழ ஓரடி நீளத்தைப் பலர் கேட்கின்றனர். முடி திங்களுக்கு அரை அங்குல அளவே வளர்வது; ஆகவே, ஓரடிக் கூந்தல் என்பது இரண்டாண்டு வளர்ச்சி. கழுவி, ஈரம் போக உலர்த்தி, பின்னி, இருமுனையும் கட்டியபின் கத்தரித்தல் நன்று. ஒரு பொய்ம்முடிக்குப் பலர் கூந்தல் வேண்டும். நீள்முடி வளர்த்த ஆடவரும் கொடுக்கலாம். ஆனால், எவரையும் வற்புறுத்தற்க. கொடாதவளை அன்பிலி என்று பழிப்பதும், படம் பிடித்துப் பரப்பிப் பெருமை தேடுவதும் கொடையின் சிறப்பைக் குறைப்பனவே. பொய்ம்முடி வேண்டா என்று வெறுந்தலையோடு வரும் நோயாளரை உற்று நோக்கி வருத்தாமையும் நம் கடன்.

தமிழ்ப் பெண்ணுக்கு எது இழுக்கு? மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் தம் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத் துயரில் முடங்கிவிடாது அரும்பாடுபட்டு, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றச் செய்தார். பிறர் துயர் துடைக்கும் அவ் வழியிலேதான் என் மாணவியும் நடந்தாள்.

பரிசில் நாடி வந்த புலவர்க்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாத நிலையில், தன் தலையையே கொய்துகொள்ளுமாறு வாளை நீட்டினான் குமணன். அவன் வழிவந்தோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். தலையைக் கொடுக்க முன்வந்தவனைப் பாடிவிட்டுத் தலைமயிரைக் கொடுத்தவளைத் தூற்றுவதா? நண்பர் அவ் வீட்டிற்கு மீண்டும் ஒருமுறை செல்லட்டும். அம் மகளை வாழ்த்திவிட்டு வரட்டும்.