தன்னைத் தானே திருத்தும் கணினி தடயம் வைக்க வேண்டும்

ஒரு பெரிய கணக்கைப் பல கூறுகளாகப் பிரித்து, பல செயலிகளிடம் ஒரே வேளையில் ஒப்படைப்பது சமாந்தரக் கணிப்பு. எத்தனை கூறுகளாகப் பிரிப்பது, யாரிடம் எவ்வளவு கொடுப்பது என்பவற்றை முன்பு நிரல் எழுதியவரே தீர்மானித்தார். ஒரு கணினிக்குப் பொருந்திய தீர்மானம் இன்னொன்றில் வேகத்தைக் கெடுத்தது.

ஆகவே அப்பொறுப்பும் இயந்திரத்திடமே சென்றது. 1990களில் தென்னசிப் பல்கலைக்கழகத்தில் உருவான அட்லஸ் என்னும் மென்பொருள், நிறுவப்படும்போதே பல வழிகளைப் பரீட்சித்து வேகமானதைத் தேர்ந்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ஹொலிங்ஸ்வேர்த் குழுவினர் உருவாக்கிய அக்டிவ் ஹார்மனி இன்னும் ஒரு படி மேலே சென்று, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வேகத்தை அளந்து அமைப்புகளை மாற்றியது. இது பாராட்டுக்குரிய சாதனையே.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. கூறுகள் மாறினால் எண்களைக் கூட்டும் ஒழுங்கும் மாறலாம். ஒழுங்கு மாறினால் விடையும் மாறக்கூடும். 1 உடன் 16 பூச்சியங்கள் சேர்ந்த பேரெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் 1 ஐக் கூட்டி, பின்னர் அதே பேரெண்ணைக் கழித்தால், வழக்கமான 64 பிட் மிதவைப்புள்ளிக் கணிப்பு தரும் விடை 0. முதலில் கழித்துவிட்டுப் பின்னர் 1 ஐக் கூட்டினால் விடை 1.

இத்தகைய பிழைகள் பெரும்பாலும் கடைசி இலக்கங்களோடு நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் எப்போதும் அல்ல. 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லொரென்ஸ், 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்து ஒரு கணிப்பை மீண்டும் ஓடவிட்டார். சிறிது காலத்துள் அது முந்தைய கணிப்பிலிருந்து முற்றாக விலகிப்போனது.

அச்சேறிய செய்தியைத் திருத்தினால், எதைத் திருத்தினோம் என்று வாசகருக்குச் சொல்வது பத்திரிகைத் தொழிலின் மரபு. அதையே கணினியிடமும் கேட்கிறேன். ஓடும்போது எதை, எப்போது மாற்றியது என்பதை நிரல் பதிந்துவைக்க வேண்டும். விடையைச் சரிபார்க்க விரும்புவோருக்கு, வேகம் குறைந்தாலும், மாறாத ஒழுங்கில் கணிக்கும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

இதனால் வேகம் குறையும் என்பர் பொறியியலாளர். குறையட்டும். புயலின் பாதையையோ பாலத்தின் வலுவையோ கணித்துச் சொல்லும் எண்ணை, இன்னொருவர் மீண்டும் கணித்துப் பார்க்க முடியாவிடில், அது எவ்வளவு விரைவாக வந்தென்ன பயன்?