தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ரிப்பேர் அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

"சார், பழைய வண்டி, அப்பப்ப ஹீட் ஆவுது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டார். இப்ப பரவாயில்ல." இதே வாக்கியத்தை ஓசூரில் எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டீர்கள்! சொல்லும்போது ஒரு திருப்தி வேறு. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைத்துப் போட்டுவிட்டு, இனிமேல் காய்ச்சல் தெரியாது என்பது போல இருக்கிறது.

அந்தச் சின்ன வால்வுக்குள் இருப்பது மெழுகு. சூட்டில் உருகி விரிந்து வழியைத் திறக்கும். பெரும்பாலான பழைய பெட்ரோல் கார்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். அதுவரை எஞ்சினைச் சீக்கிரம் சூடேற விடுவதுதான் அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் மார்கழிக் காலையில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் கெடும், பிஸ்டன் தேயும். சில எஞ்சின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் குறுக்குவழியில் சுற்றி, சூடு அதிகமாகவும் செய்யும். அது கெட்டதா என்று சந்தேகமா? அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடுங்கள். ஏழாம் வகுப்புச் செய்முறை இது.

"அப்பப்ப" என்கிறீர்களே, துப்பு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. எப்போது? அதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை.

என் அக்கா மகனின் மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். தெர்மோஸ்டாட் போயிற்று. பிறகு ரேடியேட்டர் மாற்றினார்கள். பிறகு வாட்டர் பம்ப். கடைசியில் "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். அதற்குள் 18,000 ரூபாய் கரைந்திருந்தது. அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: எங்கே, எந்த நேரம்? "சாயங்காலம் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி நெரிசல்ல நிக்கும்போது ஏறும் மாமா. கிருஷ்ணகிரி போய்ட்டு வந்தா ஒண்ணும் ஆவறதில்ல." சூளகிரி ஏற்றத்தை முக்கி ஏறி வரும்போது கொதிக்காத எஞ்சின், நின்ற இடத்தில் கொதிக்கிறது. ஓடும்போது காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் ஃபேன்தான் கதி. அம்பாசடரில் ஃபேனை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றும். மாருதியில் அது கரண்ட் ஃபேன். பார்த்தால், ஃபேன் சுவிட்சின் சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தது. ஒரு நாள் ஒட்டும், ஒரு நாள் ஒட்டாது. சுரண்டித் துடைத்துப் புது சாக்கெட் போட்டதோடு சரி. ரேடியேட்டரும் பம்பும் என்ன பாவம் செய்தன?

இதுவே நெரிசலில் சும்மா இருந்து ஏற்றத்திலும் வேகத்திலும் சூடானால் கதை வேறு. ரேடியேட்டருக்குள் அடைப்பு, பெல்ட் நழுவல், வேகத்தில் உள்ளிழுத்துச் சப்பிப் போகும் கீழ் ஹோஸ் என்று தேட வேண்டும். நம் பக்கம் கிரானைட் தூசியும் லாரிப் புழுதியும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை போல அடைந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது.

மூடியையும் யாரும் மதிப்பதில்லை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்து வைப்பதால்தான் 110-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் காய்ந்த மூடி ஒன்று போதும், வண்டி "அப்பப்ப" பொங்குவதற்கு. இருப்பதிலேயே மலிவான பாகம் அது. அதைக் கடைசியில் பார்க்கிறார்கள்!

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது? நம் மாவட்டத் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளோரைடு பல்லைக் கெடுக்கும். ரேடியேட்டரை அடைப்பது கால்சியமும் மெக்னீசியமும். உங்கள் வீட்டு கீசரைத் திறந்து பாருங்கள், அந்த வெள்ளைப் பொருக்குதான் எஞ்சினுக்குள்ளும். கூலண்ட் ஊற்றுங்கள், கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

ஹெட் கேஸ்கெட் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. போனதற்குச் சாட்சி கேளுங்கள் என்கிறேன். ஒழுகாமலே கூலண்ட் குறைகிறதா? குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாகிறதா? ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறமா? ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வருகிறதா? நீலத் திரவம் மஞ்சளாகும் சோதனைக் குழாயும் கடையில் கிடைக்கிறது. இவை எதையும் பார்க்காமல் எஞ்சினை இறக்குகிறவருக்கு நீங்கள் தலையாட்டுகிறீர்கள்.

இனி உங்கள் பக்கம். என் மாணவர்களில் பாதிப் பேர் சிப்காட்டில் இருக்கிறீர்கள். டிவிஎஸ் மோட்டார் 2002-இல் டெமிங் பரிசு வாங்கியதைப் பெருமையாகச் சொல்வீர்கள். கம்பெனியில் ஒரு பேரிங் போனால் ஒய்-ஒய் அனாலிசிஸ் எழுதாமல் மாற்ற விடுவார்களா? கேட்டைத் தாண்டியதும் அந்தப் புத்தி எங்கே போகிறது? மெக்கானிக்கை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. அவர் ஒரு மணி நேரம் டெஸ்ட் லாம்ப் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து 500 ரூபாய் கேட்டால், "சும்மா பார்த்ததுக்கு 500-ஆ?" என்கிறீர்கள். அதே ஆள் தேவையில்லாத பம்ப்பை மாற்றி 3,000 கேட்டால், பழைய பம்ப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கொடுக்கிறீர்கள். யோசனைக்குக் கூலி தராத ஊரில் பாகம்தான் விற்கும்.

ஆகவே வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். முள் ஏறிய ஒவ்வொரு முறையும் இடம், நேரம், வேகம், ஏசி ஓடியதா, ஃபேன் சத்தம் கேட்டதா என்று எழுதுங்கள். பல கார்களில் ஏசி போட்டால் ஃபேனும் சேர்ந்து ஓடும். அப்போது முள் இறங்கினால் அதுவே பெரிய துப்பு. ஹெட்லைட் போட்டதும் முள் ஏறினால் எஞ்சினில் சூடே இல்லை, எர்த் வயரைப் பாருங்கள். ஏறிய முள் திடீரென்று அடியில் விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் வற்றி சென்சார் ஆவியில் நிற்கலாம். உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் அப்புறம் உண்மையிலேயே எஞ்சினை இறக்க வேண்டியதுதான். மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும், முகம் வெந்துபோகும்.

வண்டியை விற்கப் போகிறேன் என்று எனக்கு வாட்ஸப் செய்திருக்கும் இரண்டு பேரும் முதலில் அந்த நோட்டில் பத்து நாள் எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்கள். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.